தானே நடந்து போனவள்

1

இந்தக் கதை ஒரு கோபத்திலிருந்து கிடைத்தது. கோபப்பட்டவள் பஸ்மியா. நான் எழுதிய முதற்படியை வாசித்துவிட்டு, கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி அன்புவழிபுரத்தில் என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

முதற்படி இப்படித் தொடங்கியது: "துறைமுகத்தின் நீலம் விழித்தெழுந்த அந்தக் காலையில்..." (சகிக்கவில்லை. கிரிக்கெட் ஆட்டம் நடந்ததோ பின்னேரம்.)

2

வந்திருந்தது ஒரு சிறு நாட்டின் தேசியப் பெண்கள் கிரிக்கெட் அணி.* ஒருத்தி தாதி, இருவர் ஆசிரியைகள், ஒருத்தி பஸ் கொண்டக்டர். லீவு போட்டுவிட்டு வந்து நாட்டுக்காக ஆடுகிறார்கள். இலங்கையில் அதுவரை ஐந்து ஆட்டம் ஆடி ஐந்திலும் தோல்வி. தோற்ற ஒவ்வொரு நாளும் மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டுத்தான் பஸ்ஸில் ஏறுவார்களாம். எனக்கு அவர்கள்மேல் பெரிய மதிப்பு. அதை மறைக்கப் போவதில்லை.

கடைசியான ஆறாவது ஆட்டம் சீனன்குடாவில், எங்கள் மாவட்டப் பெண்கள் அணியோடு. நானும் போயிருந்தேன்.

*உலகப் படத்தில் தேடாதீர்கள். கடல் இல்லாத நாடு, அவ்வளவுதான் சொல்வேன்.

3

கடைசி விக்கெட். அவர்கள் வெல்ல இரண்டு ஓட்டம். பந்து வீசியவள் எங்கள் அணியின் ஸல்ஹா. நடுவராக நின்றவள் அவளுடைய அக்கா பஸ்மியா. நட்பு ஆட்டம் என்பதால் அப்படி விட்டிருந்தார்கள். மட்டையோடு நின்றவள் அந்தக் கொண்டக்டர்.

பந்து மட்டையைக் கடந்து விக்கெட் காப்பாளரின் கைக்குப் போனது. 'டக்' என்று ஒரு சத்தம். மட்டையில் பட்டுத்தான் பிடிபட்டது, அவுட் என்று எங்கள் பிள்ளைகள் கத்தினார்கள். பஸ்மியா தலையாட்டினாள்: அவுட் இல்லை.

கொண்டக்டரோ மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தானாகவே நடக்கத் தொடங்கினாள்.

காரணத்தை அவர்களின் மனேஜர் பிறகு சொன்னார். அவர்கள் ஊரில் பெண்கள் ஆடினால் நடுவராக நிற்க ஒருவரும் வருவதில்லை. மட்டையில் பந்து பட்டவளே பட்டது என்று சொல்லி வெளியேறிவிடுவாள். பத்து வருடப் பழக்கம்.

இங்கேதான் முதற்படியை முடித்திருந்தேன்: "வெற்றியைவிட நேர்மை பெரிது என்று அவள்..."

4

"இது பொய் அக்கா," என்றாள் பஸ்மியா, கதிரையில் உட்காராமலே. "பந்து மட்டையில படல்ல. மட்டை அவட கால் கவசத்துல பட்ட சத்தம் அது. நான் கண்ணால கண்டன்."

"அவ பட்டதெண்டு நினைச்சுத்தானே போனவ?"

"அவ நினைச்சா சரியாகிடுமா? அவங்கட ஊருல அம்பயர் இல்ல. இங்க நான் நிண்டன்தானே!"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒருத்தியை மெச்சும் அவசரத்தில் மற்றவளைத் தூணாக்கிவிட்டேன்.

5

ஆகவே திருத்திய படி, முதற்படியில் நான் விட்டதையும் சேர்த்து.

பிழையாக நினைத்து வெளியேறுபவளை நடுவர் திருப்பி அழைக்கலாம், சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் வென்றுவிட்டோம் என்று ஸல்ஹாவைத் தோழிகள் தோளில் தூக்கிவிட்டார்கள். வேலிக்கு வெளியே அவர்களைப் பெற்ற உம்மாவும் கிண்ணியாச் சனமும் கைதட்டுகிறார்கள். சும்மா நின்றால் பஸ்மியாவை யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

(அவள் சும்மா நிற்பதாகவும் ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். கை ஓடவில்லை.)

பஸ்மியா ஓடினாள். எல்லைக்கோட்டருகே பிடித்து, தெரிந்த இங்கிலீசில், நீ அவுட் இல்லை என்றாள். கொண்டக்டர் நம்பாமல் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு காலமும் தானே ஆடி, தானே தீர்ப்புச் சொன்னவள். அன்றைக்கு அவளுக்காக இன்னொருத்தி கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"ராத்தா, நீ ஆர்ட பக்கம்?" அக்காவைப் பார்த்து ஸல்ஹா அழுதுவிட்டாள்.

"பந்தப் போடு," என்றாள் பஸ்மியா.

6

யார் வென்றது? எனக்குத் தெரியும். எழுதவும் தொடங்கினேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்த பஸ்மியா என் கையைப் பிடித்தாள்.

"அத மட்டும் எழுதாதீங்க அக்கா. அவங்க வெண்டா, நான் குடுத்த வெற்றியெண்டுவாங்க. நாங்க வெண்டா, ஒண்டும் நடக்காத மாதிரி மறந்துடுவாங்க. ரெண்டுலயும் நான் கூப்பிட்டது இல்லாமப் போயிடும்."

அதனால் இங்கே நிறுத்துகிறேன். ஸல்ஹா கண்ணைத் துடைத்துவிட்டு ஓடி வருகிறாள். கொண்டக்டர் மட்டையைத் தரையில் தட்டுகிறாள். மிச்சத்தை நீங்கள் விரும்பியபடி முடித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மாற்றவேண்டாம்: 'டக்' என்று மறுபடி ஒரு சத்தம் கேட்கிறது, இந்த முறை கொண்டக்டர் நடக்கவில்லை, பஸ்மியாவின் முகத்தைப் பார்க்கிறாள்.