தாழ்ப்பாள் போடாத தெரு

பிளாக்பள்ளி வீட்டில் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை திருடன் புகுந்துவிட்டுப் போனதிலிருந்து காந்தாவுக்கு நிம்மதி போய்விட்டது. பூனை குதித்தால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அவள் புருஷன் வெங்கடசாமி தொழிற்சாலையில் ஃபிட்டர். அலையாய் அலைந்து ஆஸ்டின் டவுனில் ஒரு வீடு பிடித்தான்.

"அவுட்போஸ்ட் போலீஸ்காரரே சொன்னாரு காந்தா. மூணு வருஷமா அந்தச் சந்துல ஒரு சைக்கிள்கூடத் திருடு போகலயாம்."

குடிவந்த அன்றே அதை அவள் கண்ணால் பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சந்தில் ஒரு கதவாவது சாத்தியிருக்கவில்லை. உள்ளே பெண்கள் படுத்திருந்தார்கள். கொடியில் பட்டுச்சேலை காய்ந்தது. பித்தளை அண்டா வாசலிலேயே கிடந்தது. ஆனால் யாரும் பேசவில்லை. குழந்தை அழுதால்கூட வாயைப் பொத்தினார்கள்.

பக்கத்து வீட்டுச் சந்திரம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பகல்ல தாப்பா போடாத காந்தா."

"ஏங்க்கா?"

"காத்து வரட்டும், அவ்ளோதான்."

சூடுபட்டவளுக்கு அதற்கு எப்படி மனசு வரும்? வெங்கடசாமி வேலைக்குப் போனதும் காந்தா கதவைச் சாத்தி, தாழ்ப்பாளும் போட்டுவிட்டுப் படுத்தாள். கண் அயரும் நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. உள்ளங்கையால் படபடவென்று தட்டுகிற சத்தம். போய்த் திறந்தாள். வாசலில் ஆளில்லை. வெயில் மட்டும் கொளுத்திக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு நிலைப்படிக்குள்ளிருந்து ஒரு முகம் அவளையே பார்த்தது. அடுத்த வீட்டிலும் ஒரு முகம். அதற்கடுத்த வீட்டிலும். ஒருவரும் என்ன என்று கேட்கவில்லை.

மறுநாளும் தாழ்ப்பாள் போட்டாள். இந்தத் தடவை ஜன்னலோரம் நின்றுகொண்டாள். அங்கிருந்து வாசற்படி முழுசாகத் தெரியும். தட்டல் ஆரம்பித்தது. படியில் யாருமில்லை, ஆனால் கதவுப் பலகை அதிர்ந்தது. சத்தம் மேலேயிருந்து வரவில்லை. நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்ட ஆள் தட்டினால் எங்கே கை படுமோ, அங்கேயிருந்து வந்தது. கூடவே நீர்விட்ட புதுச் சுண்ணாம்பின் நெடி. காந்தா பின்கட்டு வழியாக ஓடிச் சந்திரம்மா வீட்டில் போய் விழுந்தாள்.

சந்திரம்மா அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"மூணு வருஷத்துக்கு முந்தி இங்க ரொம்பத் திருட்டு. வாரத்துக்கு ஒரு வீடு. ஆம்பளைங்க கையில தடி வச்சிகினு கறுவிகினு இருந்தாங்க. ஒரு மத்தியானம் ஒருத்தன் செவுத்துல ஏணி சாத்திட்டு நின்னான். திருடன்னு எவளோ கத்துனா. அவ்ளோதான். 'நான் ஜோகுபாளையம் சின்னப்பா, வெள்ளையடிக்கிறவன், வேலை கேட்டு வந்தேன்'னு கத்திகினே ஓடினான். ஒவ்வொரு கதவா தட்டுனான். எல்லாரும் உள்ள தாப்பா போட்டுகினோம். நானும்தான். கடைசியா உன் வீட்டு வாசல்ல விழுந்தான். அங்கியே உயிர் போயிடுச்சி."

"போலீசு?"

"ஆம்பளைங்களே ரயில் ரோட்டு ஓரமா கொண்டுபோய்ப் போட்டாங்க. ரயில்ல அடிபட்டவன்னு முடிஞ்சிபோச்சி. அதுலேர்ந்து யார் பகல்ல தாப்பா போட்டாலும் தட்டுறான். திருடனுங்களுக்கும் எப்படியோ தெரிஞ்சிருக்கு, ஒருத்தனும் வர்றதில்ல." சந்திரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மொத அடி எங்க வீட்டுக்காரர் அடிச்சது. அந்த ஏணியைக்கூட வெட்டி வெந்நீர் அடுப்புல போட்டோம்."

"அவனுக்குப் பொண்டாட்டி, புள்ளைங்க?"

"யார் போய் விசாரிச்சா?"

வீட்டைக் காலி பண்ணிவிடலாம் என்றுதான் காந்தா முதலில் நினைத்தாள். வெங்கடசாமியும் சரி என்றான். ஆனால் சாமான்களைக் கட்டக் கை வரவில்லை. தட்டினவனுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே என்பதே மனசில் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஜோகுபாளையத்துக்குப் போய்ச் சின்னப்பா வீட்டை விசாரித்தார்கள்.

அவன் பெண்டாட்டி எல்லம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. புருஷன் எவளையோ இழுத்துக்கொண்டு தங்கவயலுக்கு ஓடிவிட்டான் என்று ஊர் சொன்னதை அவளும் பாதி நம்பியிருந்தாள். காந்தா தடுமாறித் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னாள். எல்லம்மா அழவில்லை.

"தண்ணி கேட்டாரா?"

"தெரியலைம்மா. கதவைத் தட்டினாராம்."

"எந்தக் கதவை?"

"எல்லாக் கதவையும்."

எல்லம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

மத்தியான வெயிலில் மூவரும் சந்துக்குள் நுழைந்தார்கள். எல்லம்மா முதல் வீட்டின் முன்னால் நின்று உள்ளே பார்த்தாள். உள்ளேயிருந்தவள் எழுந்து வந்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, கதவைச் சாத்தினாள். அடுத்த வீடும் அப்படியே. மூன்று வருஷத்தில் முதல் தடவையாகச் சந்து நெடுகத் தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. அன்று எந்தக் கதவும் தட்டப்படவில்லை.

சந்திரம்மா வீட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது. அவள் புருஷன் கோவிந்தப்பா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இருந்தான். எல்லம்மா யாரென்று அவனுக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்தான்.

"நான்தாம்மா மொதல்ல அடிச்சேன்."

"இங்க சொல்லாத. ஸ்டேஷன்ல வந்து சொல்லு."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், அவள் பின்னால் நடந்தான். சந்திரம்மா தடுக்கவில்லை. நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

கூட அடித்தவர்கள் எல்லோரும் எங்களுக்குத் தெரியாது என்று ஒரே வாயாகச் சொல்லிவிட்டார்கள். கோவிந்தப்பா ஒருவன் மீதுதான் கேஸ் நடந்தது. கதவு தட்டலும் அதோடு நின்றுபோனது; அந்த மாசமே சந்தில் ஒரு சைக்கிள் திருடு போயிற்று. அடுத்த வாரம் ஒரு அண்டா. குடியைக் கெடுத்தவள் என்று காந்தாவின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். சந்திரம்மா பேச்சையே நிறுத்திவிட்டாள். பிறகு ஒருநாள் காலையில் வந்து வாசலில் நின்றாள்.

"கோர்ட்டுக்கு எந்த பஸ்ஸுல போகணும்? எனக்குத் தெரியாது."

காந்தா அடுப்பை அணைத்துவிட்டு அவளோடு கிளம்பினாள். கோர்ட்டுத் தாழ்வாரத்தில் ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது. அதில் எல்லம்மா உட்கார்ந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. சந்திரம்மா தூண் மறைவில் ஒதுங்கி நின்றாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது, கேஸைக் கூப்பிடுகிற வழியாக இல்லை. எல்லம்மா இவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் கொஞ்சம் கழித்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு, பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.