துரையைக் குளிப்பாட்டியவர்

சபை இளைஞர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் இடிமுழக்கம். ஜெபிக்க எழுந்தார் என்றால் மைக் தேவையில்லை. ஜன்னல் கண்ணாடி அதிரும். முன்வரிசையில் இருக்கும் குழந்தைகள் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். பட்டப்பெயர் அவர் காதுக்கும் வந்திருந்தது. அவர் கோபப்படவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

பிழைப்புக்கு ஃபிரிட்ஜ் ரிப்பேர். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒடுக்கமான கடை. முதுகைக் காட்டி நிற்கும் ஃபிரிட்ஜ்களுக்கு நடுவே பக்கவாட்டில்தான் நுழைய முடியும். செம்புக் குழாயைப் பற்றவைத்த இடத்தில் சோப்பு நுரையைத் தடவிவிட்டு, வாயு கசிந்து எங்காவது குமிழ் வருகிறதா என்று மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். வாடிக்கையாளர் எத்தனை தடவை அவசரப்படுத்தினாலும் அசைய மாட்டார். அந்தப் பொறுமை வேலையில் மட்டும்தான். கடவுளிடம் அவருக்குப் பொறுமை கிடையாது. வருஷக்கணக்கில் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்: மகன் நடக்க வேண்டும்.

மகனை வீட்டில் துரை என்று கூப்பிடுவார்கள். அது அம்மா வைத்தது. "துரை உட்கார்ந்த இடத்துக்கே எல்லாம் வரணும், தண்ணி வரணும், டீ வரணும், சட்டை வரணும்" என்று அவள் அலுத்துக்கொள்வாள். அவனும் விடமாட்டான். "சேவகி லேட்டு. சம்பளத்துல பிடிச்சுக்கறேன்" என்பான்.

தசைகள் ஒவ்வொன்றாக வலுவிழந்துகொண்டே போகும் நோய் அவனுக்கு. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதில் காரணமில்லாமல் விழுந்தான். அப்புறம் சுவரைப் பிடித்து நடந்தான். அப்புறம் சக்கர நாற்காலி. இப்போது மீசை அரும்பிவிட்டது. விரல்களும் வாயும்தான் சொன்னபடி கேட்டன. இதற்கு மருந்து இல்லை என்று டாக்டர்கள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். அப்பா அதை ஏற்கவில்லை. எந்த ஊரில் சுகமளிக்கும் கூட்டம் என்று கேள்விப்பட்டாலும் கடையைப் பூட்டிவிட்டு மகனைத் தூக்கிக்கொண்டு போனார். உபவாசம் இருந்து இருந்து கன்னம் ஒட்டிப்போயிற்று. மகனுக்காக அவர் பட்ட பாட்டை யாரும் குறை சொல்ல முடியாது.

மகனைக் குளிப்பாட்டுவது, பல் தேய்த்துவிடுவது, கழிப்பறையில் உட்கார வைப்பது, படுக்கையில் புரட்டிப் போடுவது எல்லாம் அம்மா. அவளும் ஒரு காலத்தில் சபைக்கு வந்துகொண்டிருந்தாள். துரை பிடித்துக்கொண்டு நிற்கக்கூடிய வயதில் நடந்த ஒரு பெரிய கூட்டம்தான் அதைக் கெடுத்தது. அன்று மேடையில் வைத்து அவனை நடக்கச் சொன்னார்கள். அவன் பிடியை விட்டான், விழுந்தான், தாடை கிழிந்தது. "வீட்டுல யாருக்கோ விசுவாசம் இல்லை" என்று பிரசங்கியார் மைக்கிலேயே சொன்னார். திரும்பி வரும்போது அப்பா பஸ்ஸில் வைத்து அவளைப் பார்த்து, "அது நீதான்" என்றார். அவள் ரத்தத்தில் நனைந்த துணியை மகனின் தாடையில் அழுத்திப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அதோடு சபைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அவர் மட்டும் போனார். இரண்டு பேருக்கும் சேர்த்து சத்தமாக ஜெபித்தார்.

ஒருநாள் காலையில், மகனைக் கட்டிலிலிருந்து தூக்கியவள் "அம்மா" என்று ஒரு சத்தத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. முதுகெலும்பில் ஜவ்வு விலகியிருக்கிறது என்றார் டாக்டர். பல வாரம் படுக்கையிலேயே இருக்க வேண்டும், இனிமேல் கனமாக எதையும் தூக்கவே கூடாது என்றார். "அப்படி என்னத்தம்மா தூக்கினீங்க?" என்று கேட்டார். அவள் பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்தாள். "என் பிள்ளையைத்தான்" என்றாள்.

மறுநாள் துரையைக் குளிப்பாட்டும் வேலை அப்பாவிடம் வந்தது.

ஃபிரிட்ஜைத் தனியாளாக மாடி ஏற்றுகிறவர்தான். ஆனால் மகனைத் தூக்கியபோது எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. கை ஒரு பக்கம் நழுவியது, தலை ஒரு பக்கம் சாய்ந்தது. குளியலறையின் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவழியாக உட்கார வைத்து, வாளியில் மொண்டு நேராகத் தலையில் ஊற்றினார். அவன் திணறிப் போனான்.

"அப்பா, அப்பா! கார் கழுவுறீங்களா?"

"ஏன்டா, சூடா இருக்கா?"

"முதல்ல கால்ல ஊத்தணும். அப்புறம் மெதுவா மேல வரணும். திடீர்னு ஊத்தினா எனக்கு மூச்சு அடைக்கும். அம்மா அப்படித்தான் ஊத்துவாங்க."

அவர் காலில் ஊற்றினார். பாதங்கள் உள்பக்கம் வளைந்திருந்தன. எத்தனை பேர் கை வைத்து ஜெபித்த கால்கள். இத்தனை மெலிந்துவிட்டன என்பதை இப்போதுதான் கிட்டத்தில் பார்க்கிறார். சோப்புப் போட்டுக்கொண்டே மேலே வந்தார். முதுகு வளைந்து, விலா எலும்பு ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. முகத்தைக் கழுவும்போது தாடைக்கு அடியில் அந்தத் தழும்பு விரலில் தட்டியது.

"இன்னும் இருக்கே" என்றார்.

"அது எங்க போகும்?" என்று சிரித்தான் துரை. "அன்னைக்கு நான் ஏன் கையை விட்டேன்னு தெரியுமாப்பா?"

"விசுவாசத்துல விட்ட."

"இல்லப்பா. விட்டா விழுந்துடுவேன்னு எனக்கு நல்லாத் தெரியும். நீங்க கீழ நின்னு என்னையே பார்த்துட்டு இருந்தீங்க. அவ்வளவு ஆசையா நீங்க என்னைப் பார்த்ததே இல்ல. அதான் விட்டுட்டேன்."

அவர் கை நின்றுவிட்டது.

"கோச்சுக்காதீங்க. குறையா சொல்லல" என்றான் அவன். "ஒவ்வொரு கூட்டத்துக்கும் போயிட்டு வரும்போது, நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு இருக்கும். நீங்க என் காலைப் பத்தி கடவுள்கிட்ட பேசின அளவுக்கு என்கிட்ட எதுவும் பேசினது இல்லப்பா. ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். இனிமே என்னை மேடைக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க."

"போகல" என்றார் அப்பா. குரல் அவருக்கே கேட்கவில்லை. சோப்பு காய்வதற்குள் தண்ணீரை ஊற்றி, துவட்டி, சட்டை மாட்டிவிட்டார். பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். துரை கவனித்தான், அப்படியே விட்டுவிட்டான்.

கடைக்குப் போனார். ஒரு கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி, ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஆண்டவரே" என்றார். அதற்கு மேல் வரவில்லை. வாய் திறந்தால் அருவிபோலக் கொட்டும் வார்த்தைகளில் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. இத்தனை வருஷமும் நடந்து வரப்போகும் ஒரு மகனுக்காகக் காத்திருந்தார். நடக்காத மகன் அதே வீட்டில், அவர் முதுகுக்குப் பின்னால் வளர்ந்து ஆளாகிவிட்டான். அவனுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும், யாரை நினைத்துச் சிரிக்கிறான், எதற்குப் பயப்படுகிறான் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. அவர் அழுதார். வேலைத் துணியால் முகத்தைத் துடைக்க, எண்ணெய்ப் பிசுக்கு முகமெல்லாம் அப்பிக்கொண்டது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ. வானத்திலிருந்து குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கடவுளுக்கு உத்தரவு போடாமல் அவர் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தது அன்றுதான். எழுந்தபோது மனசு லேசாகவில்லை, வலித்தது. மரத்துப்போன காலில் ரத்தம் ஓடத் தொடங்கும்போது வலிக்குமே, அந்த மாதிரி. வீட்டுக்குப் போய் அவனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. போனார்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் வழக்கம்போல அவரை ஜெபிக்க அழைத்தார். எழுந்து நின்றார். இடி இடிக்கும் என்று சபை கண்ணை மூடிக் காத்திருந்தது. "ஆண்டவரே, எங்களுக்கு இரங்கும்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சிலர் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தார்கள். மனுஷன் விசுவாசத்தில் பின்வாங்கிப் போய்விட்டார் என்று வாசலில் பேச்சு அடிபட்டது.

மனைவியிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு பஸ்ல சொன்னேனே... அது தப்பு. விசுவாசம் இல்லாதது உனக்கு இல்ல. எனக்குத்தான். அவனை அவனாவே ஏத்துக்க எனக்குத்தான் மனசு இல்லாமப் போச்சு. மன்னிச்சுடு."

அவள் திரும்பவில்லை. "நான் நடமாடிட்டு இருந்தப்ப இது தெரியலையா உங்களுக்கு?"

"தெரியல."

"இப்ப வந்து சொல்றீங்க. எனக்கு மன்னிக்கத் தெம்பு இல்லங்க. முதுகு வலிக்குது. அந்த மாத்திரையை எடுங்க" என்றாள். எடுத்துக் கொடுத்தார். தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டார்.

அவள் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் துரையைக் குளிப்பாட்டுவது அவர்தான். கை பழகிவிட்டது. குளியலறைக் கதவுக்கு வெளியே இருவரின் சிரிப்பும் கேட்கும். துரைக்கு வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்கப் பிடிக்கும் என்று தெரிந்துகொண்டார். வர்ணனையாளர் மாதிரியே அவன் பேசிக் காட்டுவான்: "இதோ அப்பா ஓடி வருகிறார், வாளியைத் தூக்குகிறார், ஆஹா, அப்பா சட்டையிலேயே ஊற்றிவிட்டார்!" ஒருநாள் நாற்காலியோடு அவனைக் கடைக்குக் கூட்டிப்போய், ஒரு ஃபிரிட்ஜை வாசலில் இழுத்து வைத்து, சோப்பு நுரையில் குமிழ் வருகிறதா என்று பார்க்கச் சொன்னார். "வருதுப்பா, இந்தப் பக்கம்" என்று அவன் கத்தியதில் சந்தே திரும்பிப் பார்த்தது. அவரைப் பொறுத்தவரை, அவனுடைய அப்பாவாக அவர் வாழ்ந்தது அந்தக் கொஞ்ச மாதங்கள்தான்.

குளிர்காலத்தில் அவனுக்குச் சளி பிடித்தது. மார்புத் தசைக்கு அதை இருமித் துப்பும் பலம் இல்லை. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் முகமூடி வைத்தார்கள். நுரையீரல் தாங்காது என்று டாக்டர் இருவரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். சபையிலிருந்து ஆட்கள் வந்து, கட்டிலைச் சுற்றி நின்று சத்தமாக ஜெபித்து மரணத்தை அதட்டத் தயாரானார்கள். அப்பா அவர்களைக் கைகூப்பி வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "அவனுக்கு அமைதி வேணும். இங்கேயே உட்கார்ந்து மெதுவா ஜெபம் பண்ணுங்க" என்றார். போதகர் பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

மத்தியானம் துரை கண் திறந்தான். முகமூடியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லி விரலை அசைத்தான்.

"அப்பா, ஜெபம் பண்ணுங்க."

"என்னன்னு பண்ணட்டும்டா?"

"பயமா இருக்கு. அதைச் சொல்லுங்க." மூச்சு வாங்கியது. "சத்தம் வேண்டாம். பக்கத்துக் கட்டில்காரர் தூங்குறார்."

அவர் குனிந்து மகனின் காதோரம் வாயை வைத்தார். எப்போதும் கடவுளிடம் ஏட்டுத் தமிழில்தான் முழங்குவார். அன்று வீட்டுப் பேச்சுதான் வந்தது. "ஆண்டவரே, இவனுக்குப் பயமா இருக்கு. எனக்கும் பயமா இருக்கு. இவங்க அம்மாவுக்கும் பயமா இருக்கு. என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. கூடவே இருங்க. இவனை எங்களுக்குக் கொடுத்தீங்களே, அதுக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்ல. இப்ப சொல்றேன்."

அம்மா அவன் பாதங்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆமென்" என்று துரை உதட்டை அசைத்தது இருவருக்கும் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் மூச்சு அடங்கிவிட்டது.

அடக்கத்துக்கு வந்த ஒரு பெரியம்மா அப்பாவின் கையைப் பிடித்து, "அழாதீங்க, இப்ப அவன் அங்க துள்ளி ஓடிட்டு இருப்பான்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

"ஓடினாலும் சரி, உட்கார்ந்திருந்தாலும் சரி பெரியம்மா" என்றார் அவர். "எனக்கு அவன் வேணும்."

சற்றுத் தள்ளி நின்ற அவன் அம்மா அதைக் கேட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவர் தோளில் சாயவில்லை. பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான்.

வீடு அதற்குப் பிறகு பெரிதாகத் தெரிந்தது. நாற்காலி போக வேண்டும் என்று ஒதுக்கி வைத்திருந்த இடமெல்லாம் வெறுமையாகக் கிடந்தது. குளியலறையில் வாளியைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவார். விசுவாசம் அவரை அழவிடாமல் தடுக்கவில்லை. அழுதுகொண்டே ஜெபித்தார். கேட்பதற்கு எதுவும் இல்லாமல் ஜெபிப்பது அவருக்குப் புதிதாக இருந்தது. சில நாட்களில் கடவுள் பக்கத்தில் இருப்பது போலிருக்கும்; சில நாட்களில் ஒன்றுமே இராது. இரண்டு விதமான நாட்களிலும் ஜெபத்தில் உட்கார்ந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மனைவி வாசல்வரை வந்தாள். அவள் அப்படி வந்து பல வருஷம் ஆகிறது.

"எனக்காக அங்க எதையும் கேட்காதீங்க" என்றாள். "எனக்கும் ஆண்டவருக்கும் இன்னும் பேசித் தீரல."

"கேட்கல. நீயே பேசிக்கோ."

அவள் அவர் சட்டைக் காலரைப் பார்த்தாள். மடங்கியிருந்ததை இழுத்துச் சரிசெய்தாள்.

"சீக்கிரம் வந்துடுங்க" என்றாள். "வீட்டுல தனியா இருக்க முடியல."

"வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.