முதல் ஆளாகப் பெட்டி வைத்தவர்

பேண்ட்டைக் காணவில்லை.

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கப்பலில் அவர்களுக்குக் கிடைத்திருந்த அறை ஒன்றும் பரந்து விரிந்த நிலப்பரப்பு அல்ல. கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் அலமாரியையும் இன்னொரு கையால் குளியலறைக் கதவையும் திறக்கலாம். அங்கே ஒரு பேண்ட் ஒளிந்துகொள்ள வேண்டுமென்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும்.

அலமாரியைத் திறந்தார். வெறும் ஹேங்கர்கள் ஆடின. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். சுவரில் பதித்திருந்த சின்ன இரும்புப் பெட்டகத்தில் பேண்ட் நுழையாது என்று தெரிந்தும் திறந்து பார்த்தார். திரைச்சீலையை விலக்கினார். அதற்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. ஜன்னல் இல்லாத அறை அது. ஜன்னல் இல்லையே என்று யாரும் வருத்தப்படக் கூடாது என்பதற்காக, நல்ல மனதோடு வெறும் சுவருக்குத் திரை போட்டிருந்தார்கள்.

கொக்கியில் அவருடைய சட்டை இஸ்திரி கலையாமல் தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டார். கீழே கோடு போட்ட பட்டாபட்டி டிராயர். இடுப்புக்கு மேலே பார்த்தால் அலுவலகத்துக்குக் கிளம்பிய ஆள்.

"ரூம் சுத்தம் பண்ற ஆள் எடுத்துட்டுப் போயிருப்பாரோ?"

மனைவி நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தயாராகி உட்கார்ந்திருந்தாள். "எடுத்துட்டுப் போய் என்னங்க பண்ணுவாரு? உங்க பேண்ட்டுக்குள்ள அவரு குடும்பத்தோட குடியிருக்கலாம்."

இன்ஸ்பெக்டர் யோசிக்க ஆரம்பித்தார். தொழில் தெரிந்தவர் அவர். நின்றுபோன லிஃப்ட்டைப் பார்க்கப் போனால், கடைசியாக எந்த மாடியில் சரியாக நின்றது என்றுதான் முதலில் கேட்பார். பேண்ட் கடைசியாகச் சரியாக இருந்தது நேற்று இரவுச் சாப்பாட்டில். அதன் பிறகு அறைக்கு வந்தார். மறுநாளைக்கும் இதே சட்டையும் பேண்ட்டும் போதும் என்று முடிவு செய்தார். சட்டை கசங்கும் என்று கொக்கியில் மாட்டினார். பேண்ட் கசங்காது என்று மடித்து...

"ஐயோ," என்றார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"பெட்டில."

"பெட்டி எங்க?"

பெட்டி எங்கே என்பதை அவரே நேற்று இரவு மனைவிக்கு விளக்கியிருந்தார். இத்தனை ஆயிரம் பேரும் ஆளுக்கொரு பெட்டியை உருட்டிக்கொண்டு, கரைக்குப் போடுகிற ஒரே பாலத்தில் இறங்கினால் மாலை வரை இறங்க வேண்டியதுதான். அதனால் கடைசி நாள் மாலை அறைக்கு ஒரு வண்ணச்சீட்டு தருவார்கள். அதைப் பெட்டியில் கட்டி, பத்து மணிக்குள் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். கப்பல்காரர்கள் அள்ளிக்கொண்டு போய் இரும்புக் கூண்டுகளில் ஏற்றி, கரை தொட்டதும் கிரேன் போட்டு இறக்கிவிடுவார்கள். துறைமுகக் கூடத்தில் பச்சை ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம் என்று பெட்டிகள் வரிசையாக நிற்கும். ஆட்கள் கையை வீசிக்கொண்டு இறங்கிப் போய் எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு அழகான ஏற்பாடு என்று அவர் சொல்லச் சொல்ல, மனைவி பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

அழகான ஏற்பாடுதான். இறங்கிப் போகும்போது போட்டுக்கொள்ள ஒரு துணியை வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். அதை மட்டும் ஏற்பாட்டில் எழுதியிருக்கவில்லை. மனிதனுக்குப் பேண்ட் வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

சரி, இவ்வளவு விவரம் தெரிந்தவர் ஏன் இப்படிச் செய்தார்? எதிர் அறைக்காரரால்தான்.

எதிர் அறையில் இருந்தவர் வருங்காலச் சம்பந்தி. ஓட்டுநர் பள்ளி நடத்துபவர். இதற்கு முன் நான்கு முறை கப்பலில் போய் வந்தவர் என்பதை, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிவிடுவார். அதனால் இன்ஸ்பெக்டர் மனதுக்குள் அவருக்கு 'நாலு கப்பல்' என்று பெயர் வைத்திருந்தார்.

இந்த இரண்டு அப்பாக்களும் முதல் சந்திப்பிலேயே காரை எப்படி நிறுத்துவது என்று ஆரம்பித்து, பரம்பரை வரைக்கும் போய்ச் சண்டை போட்டவர்கள். பெண்ணும் பையனும் கலந்து பேசி, பெற்றவர்கள் நால்வரையும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். இன்ஸ்பெக்டரின் பெண் அவரிடம் தெளிவாகச் சொல்லி அனுப்பினாள்.

"அப்பா, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இறங்கி வந்தீங்கன்னா ஊரைக் கூட்டிக் கல்யாணம். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் தனித்தனியா இறங்கினீங்கன்னா, நாங்க போய்க் கையெழுத்துப் போட்டுக்கறோம். உங்களுக்கு போட்டோ அனுப்பறோம்."

ஒரே பெண். சொன்னால் செய்துவிடுவாள். அந்தப் பிடிவாதம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

நான்கு நாள் இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு நல்லவராக இருந்தார். மூச்சுக்கு மூச்சு, "முதல் தடவைதானே, அப்படித்தான் இருக்கும் சம்பந்தி" என்பதைக் கேட்டுக்கொண்டார். அறை எடுத்தது நடன அரங்குக்கு நேர் கீழே என்று தெரிந்தபோது, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் நாலு கப்பல். கப்பலின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று புரியாமல் சாப்பாட்டுக் கூடத்தைத் தேடித் துணி துவைக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோதும் அதையேதான் சொன்னார்.

ஐந்தாம் நாள் ஒரு தீவில் நிறுத்தினார்கள். "போன்ல மணி பாக்காதீங்க, கப்பல் மணி வேற" என்று நாலு கப்பல் எச்சரித்தார். இன்ஸ்பெக்டர் போனையே நம்பினார். போன் என்ன செய்யும்? எந்தக் கரையின் டவர் கிடைக்கிறதோ அந்தக் கரையின் நேரத்தைக் காட்டும். கப்பல் தன் நேரத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம். ஏணியை எடுக்கப் போகிற கடைசி நொடியில் கணவனும் மனைவியும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு துறைமுகத்தில் ஓடிவந்தார்கள். மேலே பால்கனியில் நின்று நாலு கப்பல் கைதட்டினார். தட்டியதோடு விட்டிருக்கலாம். வீடியோவும் எடுத்தார்.

அதோடு பேச்சு நின்றது.

ஆகவே கடைசி மாலை, பெட்டி விஷயத்திலாவது முதல் தடவைக்காரன் என்ற பெயரை வாங்கக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் முடிவு கட்டினார். சாப்பாட்டிலிருந்து நேராக வந்து, பூட்டி, சீட்டுக் கட்டி, அறைகளுக்கு நடுவே ஓடிய அந்த நடையிலேயே முதல் ஆளாகப் பெட்டியை வெளியே வைத்தார். வைத்துவிட்டு எதிர்க் கதவை ஒரு பார்வை பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. நிம்மதியாகத் தூங்கினார்.

இப்போது ஒலிபெருக்கி ஒவ்வொரு வண்ணமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மதியமே அடுத்த கூட்டம் ஏறப் போகிறது. எல்லோரும் இறங்கியாக வேண்டும். கரையில் பெண்ணும் பையனும் வந்து நிற்கிறார்கள். கப்பலின் கடைகள் கரை தொட்டதுமே சட்டப்படி பூட்டப்படும் என்பதால் ஒரு பேண்ட் வாங்கவும் வழியில்லை.

மனைவி தன் கைப்பையிலிருந்து ஒரு லெகிங்ஸை எடுத்து நீட்டினாள். முழங்கால் வரை வந்தது. அதற்கு மேல் ஏற மறுத்துவிட்டது. படுக்கை விரிப்பை இடுப்பில் சுற்றிக் கட்டினார். நடந்து பார்த்தார். நன்றாகவே நின்றது. வெற்றி என்று கதவைத் திறந்தால், நடையில் துணி எண்ணிக்கொண்டிருந்த ஊழியர் பணிவாகச் சிரித்தார்.

"சார், விரிப்பு, குளியல் அங்கி, துண்டு எதுவும் பாலத்தைத் தாண்டாது. அங்க நிறுத்திக் கழட்டிடுவாங்க."

பாலத்தில் வைத்துக் கழற்றுவதை இன்ஸ்பெக்டர் மனக்கண்ணில் பார்த்தார். உடனே உள்ளே வந்து விரிப்பை அவரிடம் கொடுத்துவிட்டு, கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டி யோசித்தார்.

எதிர்க் கதவும் இடுக்காகத் திறந்தது. அங்கேயும் ஒரு தலை நீண்டது.

இரண்டு தலைகளும் ஒன்றையொன்று பார்த்தன.

"இன்னும் கிளம்பலையா?" என்றது எதிர்த் தலை, மூன்று நாளைக்குப் பிறகு.

"கூட்டம் குறையட்டும்னு பாக்கறேன். நீங்க?"

"நானும் அதான். அனுபவசாலிங்க அவசரப்பட மாட்டோம்."

எதிர் அறைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "யாருங்க அங்க? சம்பந்தியா? அவர்கிட்ட ஒரு பேண்ட் இருந்தா கேளுங்களேன்!"

இன்ஸ்பெக்டரின் மனைவி கைப்பையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாலு தடவை போனவராச்சே?" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்னொரு பேண்ட்டைக்கூட அவர் இழக்கத் தயார்.

"நாலு தடவையும் இவதான் எடுத்து வெச்சா. நேத்து நீங்க என்னடான்னா எட்டு மணிக்கே பெட்டியை வெளிய வெச்சு வேடிக்கை காட்டினீங்க. கதவோட்டை வழியாப் பாத்தேன். எனக்குப் பொறுக்கல. அவ வர்றதுக்குள்ள நானும் அள்ளிப் போட்டுப் பூட்டிட்டேன்."

"அப்ப இது என் தப்பா?"

"பின்ன யார் தப்பு?"

"ரெண்டு பேரும் உள்ள வாங்க," என்றாள் இன்ஸ்பெக்டரின் மனைவி. "நடைல நின்னு டிராயரோட நியாயம் பேசாதீங்க."

நால்வரும் ஜன்னல் இல்லாத அறையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். சொத்துக் கணக்கு எடுத்ததில் தெரியவந்தது, சம்பந்தியம்மா முந்தின நாள் துவைத்துக் குளியலறையில் காயப்போட்ட, நாலு கப்பலுடைய நடைப்பயிற்சி டிராக் பேண்ட் ஒன்று இருக்கிறது. இன்னும் ஈரம்.

"என்னுது. அதனால நான் போட்டுக்கறேன்," என்றார் நாலு கப்பல்.

"போட்டுக்கிட்டு நீங்க முதல்ல போய், என் பெட்டியைத் திறந்து ஒரு பேண்ட் எடுத்துட்டு வந்துடுங்க."

"திரும்ப ஏற விட மாட்டாங்க. கப்பல்ல தந்த அட்டையைத் தேய்ச்சு ஒரு தடவை இறங்கினா அவ்வளவுதான். ஒருவழிப் பாதை."

"நீங்க மூணு பேரும் போங்க, நான் அப்புறம்..."

"அப்புறம் எப்படி? அடுத்த ட்ரிப்பும் டிராயரோடயே சுத்தப் போறீங்களா?" என்றாள் மனைவி. "நம்ம பொண்ணு துறைமுகத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டு இருப்பா. சம்பந்தி தனியா இறங்கினா, கதை முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போடக் கிளம்பிடுவா."

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடினார். பிரச்சினையைப் பிரித்துப் பார்த்தார். கப்பல் துணி பாலத்தைத் தாண்டாது. ஏன்? திரும்பி வராது என்பதால். திரும்பி வருகிற துணி ஏதாவது இருந்தால் அதைத் தடுக்க மாட்டார்கள். கப்பலிலிருந்து இறங்கி மறுபடி கப்பலுக்கே வருவது எது?

திறந்திருந்த கதவுக்கு வெளியே, ஒரு வயதான அம்மாளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். மேலே ஒரு போர்வை. கழுத்து வரை சுகமாக மூடியிருந்தது.

"அதோ!" என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார். பிறகு சம்பந்தியம்மா இருப்பது நினைவுக்கு வந்து உட்கார்ந்தார். "நாற்காலி கரை வரைக்கும் போகும், திரும்பி வரும். அதோட போர்வையும் அப்படித்தான்!"

அறை போனில் கூப்பிட்டதும் நாற்காலிப் பொறுப்பாளர் வந்தாள். "நடக்க முடியலையா சார்?"

"நடக்க முடியும்மா. நடந்தாத்தான் பிரச்சினை," என்று எழுந்து நின்று உண்மையைக் காட்டினார்.

அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பயணத்திலும் யாராவது ஒருவர் இப்படி நிற்பார் போலிருந்தது. "உண்மையாத் தேவைப்படறவங்க எல்லாரும் இறங்கினதும் ஒரு நாற்காலி தர்றேன். தள்ள ஆள் இல்ல. நீங்களே தள்ளிக்கணும்."

எல்லோரும் நாலு கப்பலைப் பார்த்தார்கள். அவர் ஈர டிராக் பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினார். "முதல் தடவைதானே. நான் தள்ளறேன்."

வாழ்நாளில் யாரும் தன்னைத் தள்ளிக்கொண்டு போக இன்ஸ்பெக்டர் விட்டதில்லை. அதிலும் இந்த ஆள். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவளை நினைத்தார். உட்கார்ந்தார்.

பாலத்தின் வாசலில் அட்டைகள் தேய்க்கப்பட்டன. போர்வையை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பாலத்துக்குப் பக்கவாட்டில், துறைமுகக் கட்டடத்தின் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பெண்ணும் பையனும் நின்றார்கள். நாலு கப்பல் நாற்காலியை நேராகச் சரிவில் விட்டார். இன்ஸ்பெக்டர் முன்னால் வழுக்கினார். போர்வை அவருக்கு முன்னால் வழுக்கியது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! சரிவுல நேரா இறக்கக் கூடாது!"

"வண்டி ஓட்டச் சொல்லித் தர்றவன் நான். எனக்கே சொல்றீங்களா?"

"வண்டிக்கு பிரேக் இருக்கு. எனக்கு என்ன இருக்கு? டிராயர்தான் இருக்கு! திருப்புங்க. முதுகுப்பக்கம் கீழ வரணும். அப்ப என் எடை சாய்மானத்துல விழும், முன்னால சரியாது. நீங்க எனக்குக் கீழ நின்னு தாங்கிக்கிட்டே இறங்கணும். உங்க உடம்புதான் பிரேக்."

"என் உடம்பைச் சொல்றீங்களா?"

"பாராட்டறேன் சம்பந்தி! ஒல்லியா இருந்தா நான் உங்களை நம்பி இறங்குவனா?"

நாலு கப்பல் யோசித்தார். "அதாவது ரிவர்ஸ்."

"ரிவர்ஸ்."

"அப்படிச் சொல்லுங்களேன் முதல்லயே. ரிவர்ஸ் எடுக்கறதுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது." நாற்காலியைத் திருப்பினார். தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தபடி அடி வைத்தார்.

"இடது பக்கம் இழுக்குது."

"தெரியுது, பேசாம வாங்க."

"நீங்க பேசறீங்களே?"

மனைவியின் கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்தாள். மகளின் குரல் வெளியே கேட்கும்படி இருந்தது. "அம்மா! அப்பாவுக்கு என்னாச்சு? கால்ல அடியா?"

"ஒண்ணுமில்லடி. நல்லா இருக்காரு."

"ரெண்டு பேரும் வாயே ஓயாமப் பேசறாங்க!"

"கப்பல்லேர்ந்தே அப்படித்தான்."

கண்ணாடிக்குப் பின்னால் பையன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டுவது தெரிந்தது. வீடியோவும் எடுத்தான். அப்பாவுக்குத் தப்பாத பிள்ளை. இன்ஸ்பெக்டருக்கு இந்தமுறை கோபம் வரவில்லை. போர்வையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அப்படித்தான் இறங்கினார்கள். இரண்டு பேருக்கு ஒரு பேண்ட் இருந்தால், பேண்ட் போட்டவர் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முதலில் இறங்க வேண்டும். நாற்காலி அவர் மேல் சாய்ந்தபடி பின்பக்கமாக வர வேண்டும். உட்கார்ந்திருப்பவர் போர்வையின் இரண்டு ஓரங்களையும் தொடைக்கு அடியில் செருகிக்கொள்ள வேண்டும். வேகம் கூடினால் மேலே இருப்பவர் சொல்ல வேண்டும், கீழே இருப்பவர் கேட்க வேண்டும்.