இடக்கை முடிச்சு

புகைப் பரிசோதனையில கார் ரெண்டாந்தரமும் பெயில் எண்டு சொல்லிச்சினம். எனக்கு வந்த கோவத்துக்கு ஆரையாவது பிடிச்சு உலுக்கோணும் போல கிடந்தது. ஆரை எண்டுதான் அப்ப தெரியேல்லை.

கார் பழசுதான். என்ர மனிசன் மரியதாஸ் கடலில பாடுபட்டு வாங்கினது. அவர் காய்ச்சலில போன பிறகு, ஓலைத்தொடுவாயில இருந்து ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் மடு மாதா கோயிலுக்கும் ஆக்களை ஏத்தி இறக்கித்தான் நான் சீவிக்கிறன். புகைச் சேட்டிபிக்கற் இல்லாட்டி லைசன் இல்லை. லைசன் இல்லாட்டி காரை றோட்டில இறக்க ஏலாது. ஆவணி மடுத் திருவிழா கிட்ட வந்திட்டுது, எனக்கு நல்லா ஓட்டம் கிடைக்கிறதே அந்த நாளிலதான். கார் நிண்டா என்ர அடுப்பும் நிக்கும்.

வீட்டுக்கு வந்தா வாசலில ரொபின்சன் அத்தான் நிக்கிறார். என்ர மனிசன்ட தமையன். சொந்தமா வள்ளம் வைச்சிருக்கிறவர். கிழமைக்கு ஒருக்கா வந்து, உப்புக்காத்து காரைத் தின்னும் பிள்ளை எண்டு சொல்லி, கீழ படுத்துக் கிடந்து கழுவித் தாறவர். ஊரில எல்லாரும் ரொபின்சனைப் போல ஒரு அத்தான் வருமோ எண்டு என்னட்டயே கேப்பினம். நானும் ஓம் ஓம் எண்டு தலையாட்டினனான், மடைச்சி.

"இதை விடு பிள்ளை," எண்டார். "பொம்பிளை ஒருத்தி பழைய காரோட மல்லுக்கட்ட ஏலுமே? என்ர பேருக்கு எழுதித் தா. நான் பாத்துக்கொள்ளுறன். நீ வீட்டில இரு."

"ஏலாது அத்தான். அவர் எனக்கெண்டு விட்டுட்டுப் போனது."

"அப்ப ஒண்டு சொல்லுறன், கேள். உன்ர கார் திருத்துற ரவுண் கராச் ஜெஸீம் உன்னைப் பேக்காட்டிப்போட்டான். காருக்குக் கீழ புகையைச் சுத்தமாக்கிற கொன்வேட்டர் எண்டு ஒண்டு இருக்கு. உள்ளுக்கு விலை கூடின உலோகம். அதை வெட்டி வித்துப்போட்டு வெறும் குழாயை ஒட்டி விட்டிருப்பான். உவங்கள் எல்லாம் அப்பிடித்தான்."

விடிஞ்சதும் விடியாததுமா காரை எடுத்துக்கொண்டு மன்னார் ரவுணுக்குப் போனன். வழி முழுக்கக் கறுப்புப் புகை. எருக்கலம்பிட்டிச் சந்தியில ஒரு மனிசன் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை ஏசினார். அதையும் ஜெஸீமின்ர கணக்கில சேத்துக்கொண்டன்.

ஜெஸீம் ஒரு லொறிக்குக் கீழ கிடந்தார். எப்பவும் தம்பி, நீங்கள் எண்டு கதைக்கிற நான் அண்டைக்கு, "வெளியில வா. ஒரு விதவையின்ர சோத்தில மண் போட்டிட்டியே, நல்லா இருப்பியே நீ?" எண்டு கத்தினன். கராச்சில நிண்ட ஆக்கள் எல்லாம் கைவேலையை விட்டிட்டுப் பாத்திச்சினம்.

அந்த மனிசன் வெளியில வந்தார். கையைத் துடைச்சுப்போட்டு, காரை மேடையில ஏத்தி, லைற்றை அடிச்சுக் காட்டினார். "குனிஞ்சு பாருங்கோ அக்கா. கொன்வேட்டர் இருக்கு. கொம்பனி ஒட்டு, அதின்ர பழைய இரும்புக் கறள், எல்லாம் அப்பிடியே கிடக்கு. ஆரும் வெட்டேல்லை."

இருந்தது.

"ஆனா கார் புகைக்குது. அதுக்கு ஒரு காரணம் இருக்கு, பாப்பம்," எண்டார்.

பிளக்கைக் கழட்டினார். அடுப்புக்கரி போல இருந்தது. பெற்றோல் அளவுக்கு மிஞ்சி எரியுது எண்டு அர்த்தம். பிறகு ஸ்கானரைக் கொழுவிப் பாத்தார். புகைக்குழாயில ஒரு ஒட்சிசன் சென்சர் இருக்கு, புகையை மணந்து பாத்து எஞ்சினுக்குப் பெற்றோலைக் கூட்டு, குறை எண்டு சொல்லுற சாமான். அது பெற்றோல் காணாது, இன்னும் ஊத்து எண்டு சொல்லிக்கொண்டே நிண்டுது.

"பிளக் பெற்றோல் கூடிப்போச்சு எண்டு சொல்லுது, சென்சர் காணாது எண்டு சொல்லுது. ரெண்டில ஒண்டு பொய். பிளக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது அக்கா," எண்டு சொல்லிக்கொண்டு சென்சரின்ர வயரைப் பிடிச்சுக்கொண்டு போனார். வயர் வந்து பூட்டுற சொக்கற்றில கை நிண்டுது. கிளிப் உடைஞ்சு கிடந்தது. உடைஞ்ச இடத்தை வலைநூலால சுத்திக் கட்டியிருந்தது. நூலை வெட்டாமல் மெல்ல உருவி எடுத்து, சொக்கற்றைப் பிரிச்சார். உள்ளுக்கிருந்து எண்ணெய் வடிஞ்சுது. மணந்து பாத்தன். சுறா எண்ணெய்.

அப்பதான் எனக்குப் பழையது ஞாபகம் வந்தது. கார் வாங்கின புதுசில என்ர மனிசன் வள்ளத்துக்குப் பூசுற மாதிரி காருக்குக் கீழ முழுக்கச் சுறா எண்ணெய் பூசிவிட்டார். கடற்காரனுக்கு மரமும் ஒண்டுதான் இரும்பும் ஒண்டுதான். அப்பவும் கார் கறுப்பாப் புகைச்சுது. இதே ஜெஸீம்தான் ஏசினவர். இந்தச் சென்சர் வயருக்குள்ளால வெளிக்காத்தை இழுத்து, அந்தக் காத்தையும் புகையையும் ஒப்பிட்டுப் பாத்துத்தான் கணக்குச் சொல்லும், எண்ணெய் பட்டா அதுக்கு மூச்சு முட்டிப் பிழையாச் சொல்லும், மற்ற இடமெல்லாம் பூசுங்கோ, இதில மட்டும் தொடாதேங்கோ எண்டவர். அண்டைக்கு எண்ணெய்ப் போத்தலைக் கையில வைச்சுக்கொண்டு பக்கத்தில நிண்டு சிரிச்சவர் ரொபின்சன் அத்தான்.

"இது தெறிச்சுப் பட்ட எண்ணெய் இல்லை அக்கா," எண்டார் ஜெஸீம். "திறந்து ஊத்தினது. திறக்கேக்க கிளிப் உடைஞ்சிட்டுது, அதுதான் கட்டி விட்டிருக்கு."

நான் நூலை வாங்கி முடிச்சைப் பாத்தன். கிழிஞ்ச வலை பொத்துற முடிச்சு. ஆனா எங்கட ஊரில எல்லாரும் போடுறதுக்கு மறுவளம். அத்தான் இடக்கைக்காரர். அவர் பொத்தின வலையை வேற ஆரும் பொத்த ஏலாது, முடிச்சு மற்றப் பக்கம் ஓடும் எண்டு என்ர மனிசன் எத்தினை தரம் பகிடி பண்ணியிருப்பார். தம்பி செத்து அவற்ர குழி மண் இறுகமுன்னம், தம்பி பெண்சாதியின்ர காருக்குக் கீழ படுத்து இந்த வேலை பாத்திருக்கிறார் கோதாரியில போவார்.

"தம்பி, நான் பேசினதை மனசில வைச்சிருக்காதேங்கோ. கொன்வேட்டரை நீங்கள் வித்திட்டியள் எண்டு அவர்தான் சொன்னவர்."

ஜெஸீமின்ர முகம் கறுத்துப்போச்சு. "என்ர பேரையும் இழுத்தவரோ?" எண்டார். "முதல்ல காரைச் சரியாக்குவம் அக்கா. மிச்சத்தை நீங்கள் பாருங்கோ," எண்டார்.

சென்சரும் சொக்கற்றும் புதுசு போட்டார். கூடப் பெற்றோல் எரிஞ்சு எரிஞ்சு கொன்வேட்டருக்குள்ள இருக்கிற தேன்கூடும் உருகி அடைச்சுப்போய்க் கிடந்தது. அடிபட்டுக் கிடந்த அதே மாதிரிக் கார் ஒண்டில இருந்து நல்லதைக் கழட்டி மாத்தினார். தள்ளாடி ஊருக்குப் போற பாலத்தால சூடேற ஓட்டிக்கொண்டு போய், திரும்பி வந்து, நேர பரிசோதனைக்கு விட்டம். பாஸ். புகைக்குழாயில வெள்ளை லேஞ்சித் துணியைப் பிடிச்சுப் பாத்தன், கறை இல்லை.

நான் ஊருக்கு வந்து வாயே திறக்கேல்லை. அத்தானிட்டப் போய், "நீங்கள் சொன்னது சரி. என்னால ஏலாது. ஜெஸீம் ஏதோ செய்து ஒப்பேத்தித் தந்திருக்கிறான். மடுவுக்கு வாங்கோ, மாதாவுக்கு முன்னால வைச்சுச் சாவியைத் தாறன். உங்கட சம்பந்தி வீட்டாரையும் ஏத்திக்கொண்டு போவம்," எண்டன். அவற்ர மகள் மேரிசெல்விக்கு வங்காலையில சம்பந்தம் பேசி முடிச்சிருந்தது. எங்கட கார், எங்கட கார் எண்டு அந்த வீட்டில அவர் ஏற்கெனவே பீத்திக்கொண்டு திரிஞ்சவர். மனிசனுக்கு வாயெல்லாம் பல்லு.

வங்காலையில மாப்பிளையின்ர தாய் மதலேனாவையும் அவவின்ர மனிசனையும் ஏத்தினம். அத்தான் முன் சீற்றில. மடு வரைக்கும் காரைப் பற்றி ஒரே கதை. தான் இல்லாட்டி இந்தக் கார் எப்பவோ கறள் பிடிச்சு உக்கியிருக்குமாம். நான் சிரிச்சுக்கொண்டு ஓட்டினன். பல்லைக் கடிச்சுக்கொண்டு எண்டதுதான் சரி.

மடுக் கோயில் வளவில நிப்பாட்டி எல்லாரையும் இறக்கினன். எங்கட ஆக்களுக்கு மடு மண் எண்டா என்னெண்டு தெரியும். பாம்பு கடிச்சா அந்த மண்ணைத்தான் கரைச்சுப் பூசுவம். வீட்டில ஒரு முடிச்சு மடு மண் இல்லாத ஆக்கள் இல்லை. அந்த மண்ணைக் கையில வைச்சுப் பொய்ச்சத்தியம் பண்ணினவனுக்கு, பிறகு அந்த மண் விசத்துக்குக் கேக்காது. வலையில பாம்பு வாற கடலுக்குப் போறவை இதில பகிடி விடாயினம்.

நான் வலைநூலை எடுத்து அவற்ர கண்ணுக்கு முன்னால பிடிச்சன். ஜெஸீம் கண்டது எல்லாத்தையும் மதலேனாவுக்குக் கேக்கிற மாதிரிச் சொன்னன். பிறகு மற்றக் கையில சாவியை நீட்டினன்.

"அத்தான், குனிஞ்சு ஒரு பிடி மண் எடுங்கோ. இது உங்கட முடிச்சு இல்லை எண்டு சத்தியம் பண்ணிச் சொல்லுங்கோ. சொன்னா கார் உங்களுக்கு. இப்பவே எழுதித் தாறன்."

உண்மையாத்தான் சொன்னன். அவர் எடுத்திருந்தா நான் எல்லாத்தையும் இழந்திருப்பன்.

அவர் என்னைப் பாத்தார், சம்பந்தியைப் பாத்தார், நிலத்தைப் பாத்தார். பாதி குனிஞ்சவர்தான். இடக்கை கீழ போனது. மண்ணில படமுன்னம் நிண்டுபோச்சு. பிறகு நிமிந்து, பஸ் நிக்கிற பக்கம் நடந்து போனார்.

எனக்கு ஒரு சொட்டும் இரக்கம் வரேல்லை. வந்தது எண்டு சொன்னா அது பொய்.

மதலேனா என்ர பக்கம் திரும்பினா. "கலியாணத்தை நிப்பாட்ட மாட்டன். பெட்டை என்ன செய்தவள்?" எண்டா. "ஆனா பொம்பிளையைக் கோயிலுக்கு இந்தக் காரிலதான் கொண்டுவரோணும். நீதான் ஓட்டோணும். தகப்பனும் அதிலதான் வரோணும். இல்லாட்டி அவர் வரத் தேவையில்லை."

கலியாணத்தண்டு காரைக் கழுவிப் பூக்கட்டி வைச்சன். அந்த முடிச்சை நான் அவிழ்க்கேல்லை. முன் கண்ணாடியில செபமாலையோட சேத்துக் கட்டிவிட்டன். ரொபின்சன் அத்தான் கோட்டும் சூட்டுமா முன் சீற்றில இருந்தார். வங்காலை வரைக்கும் அது அவற்ர மூக்குக்கு முன்னால ஆடிக்கொண்டே வந்தது. மனிசன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினபடி.

பின் சீற்றில இருந்த மேரிசெல்விக்கு ஒண்டும் தெரியாது. "என்ன சித்தி அது, செபமாலையோட வலைநூல்?" எண்டு கேட்டாள்.

"கொப்பாவைக் கேள் பிள்ளை," எண்டன்.