மேலே கோடு இல்லாத வட்டம்

செவ்வாய்க்கிழமை வந்தால் சுயம்புலிங்கம் இஸ்திரி போட்ட சட்டைதான் போடுவார். குடலில் புற்றுநோய்க் கட்டியை அறுத்தெடுத்த மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போகிற அழகா இது என்று மனைவி சீதாவுக்கு வயிறு எரியும். உஸ்மான் ரோட்டுப் பாத்திரக்கடைக்குக் கசங்கிய சட்டை போதும். அடையாறு டாக்டர் வஜீஹாவைப் பார்க்க மட்டும் பவுடர்கூட வேண்டியிருந்தது.

வீட்டிலும் அந்தப் பேச்சுதான். "டாக்டரம்மா என் ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிக் கண்டுபிடிச்சுட்டாங்க. குடும்பத்துல வர்ற ஜீன் பழுதாம். தாத்தா கதையெல்லாம் உக்காந்து கேட்டாங்க."

இந்தத் தடவை அவளும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

"கடையை யாரு பாத்துக்குவா?"

"கடைப்பையன் வேலு பாத்துக்குவான். நான் வந்தா இடைஞ்சலா அத்தான்?"

அவர் இஸ்திரி கலையாமல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நகர்ந்து இடம் கொடுத்தார்.

வஜீஹா நினைத்ததைவிட இளையவளாக இருந்தாள். "வாங்க, சுயம்பு சார்" என்றாள். கட்டியவளே இதுவரை அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மேசைமேல் பெரிய தாள் விரிந்து கிடந்தது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் கண்டவர்களுக்குக் கறுப்பு. உச்சியில் தாத்தா, கறுப்பு. கீழே சுயம்புலிங்கத்தின் அப்பா, அவரும் கறுப்பு. அதற்கும் கீழே சுயம்புலிங்கம். அவர் பக்கத்தில் ஒரு வெள்ளை வட்டம், மேலே எந்தக் கோடும் இல்லாமல் அந்தரத்தில் நின்றது.

"இது யாரு?"

"நீங்கதாம்மா. சொந்தமில்லாத அசல்ல இருந்து வந்தவங்கன்னு சார் சொன்னாரு. உங்களுக்கு இதுல பயமில்ல."

சீதா திரும்பிப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"சொந்தத்துல கட்டுனோம்னா படிச்சவங்க ஒரு மாதிரி நினைப்பாங்கன்னு..."

இந்தப் பெண்ணிடம் நல்ல பெயர் வாங்க அவளை அசலாக்கிவிட்டாரா? சீதா பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

"இவர் அப்பாகூடப் பொறந்தவதான் எங்கம்மா. இவர் அப்பா மடியில உக்கார வச்சுதான் எனக்குக் காது குத்துனாங்க." தாத்தாவுக்குக் கீழே அம்மாவுக்கென்று ஒரு வட்டம் போட்டு, தாத்தாவிலிருந்து அம்மாவுக்கும், அம்மாவிலிருந்து தன் வட்டத்துக்கும் அழுத்தி ஒரு கோடு இழுத்தாள். "இப்ப பாருங்க. யாரு அசல்?"

வஜீஹா கோபப்படவில்லை. "உங்கம்மா எப்படி இருக்காங்க?"

"போயிட்டாங்க. கர்ப்பப்பையில புத்துநோய். குடல்ல இல்லையே."

வஜீஹா மெதுவாக அம்மாவின் வட்டத்தைக் கறுப்பாக்கினாள். "இந்த ஜீன் பழுதானா பொம்பளைங்களுக்கு அங்கயும் வரலாம்மா. அம்மா வழியா உங்களுக்கும் வந்திருக்கலாம். சார்கிட்ட இருக்கற அதே பழுது இருக்கான்னு பாத்துடுவோம். இருந்தா வருஷா வருஷம் சோதிச்சு, நோயை முன்னாடியே பிடிக்க வழி இருக்கு."

ஆசைப்பட்டு இழுத்த கோடு சீதாவின் தலைக்கு மேலேயே நின்றது. இப்போது அதை அழிக்கச் சொல்ல முடியாது.

நர்ஸ் கையில் ரப்பர் கட்டியபோது சுயம்புலிங்கம் எழுந்து வந்து அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் மறைச்சிருக்கக் கூடாது. ஒண்ணும் இருக்காதுட்டி."

"இருந்தா ரெண்டு பேரும் சேந்தே வருவோம்" என்றாள் சீதா, ஊசியைப் பார்க்காமல். "இல்லேன்னாலும் உங்களைத் தனியா அனுப்புறதா இல்ல."