ஏழாம் இலக்கச் சுரங்கம்

லியாங் ஐயாவுக்கு ஈரலில் புற்றுநோய் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வைத்தியருக்குத் தெரியும். மகள் மெய்லிங்குக்குத் தெரியும். காலையில் அவரைக் குளிப்பாட்டப் போகிற எனக்கும், முதியோர் பராமரிப்பு வேலைக்காகக் கொம்யூன் எனும் நகரசபை தந்திருக்கும் டப்லெட் திரையில் எழுதிக் கிடந்ததால், செப்டெம்பர் பத்தாம் திகதியே தெரிந்துவிட்டது.

டென்மார்க்கில் இப்படி நடக்கக்கூடாது. இங்கே வைத்தியர் நோயாளியின் முகத்தைப் பார்த்து, நாளைக்கு மழை என்பதுபோலச் சொல்லிவிடுவார். அன்றைக்கென்று மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. அவசரத்துக்கு மகளே மொழிபெயர்த்தாள். வைத்தியர் சொன்னது, டிசம்பரில் நத்தார் பண்டிகையைத் தாண்டுவது கடினம் என்று. மகள் சீனத்தில் சொன்னது, ஈரல் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, வசந்தத்துக்குள் சரியாகிவிடும் என்று.

மெய்லிங் என்னைப் படிக்கட்டில் மறித்தாள். ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவள், சின்னப்பிள்ளைபோல என் கையைப் பிடித்துக்கொண்டு டெனிஷில் கெஞ்சினாள்.

"தெரிஞ்சா அப்பா அண்டைக்கே செத்துப்போவார். தயவுசெய்து சொல்லிப்போடாதேங்கோ."

எனக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆறு வருடத்துக்கு முன் என் கணவர் மகேந்திரராசாவுக்கும் நாங்கள் வயிற்றுப்புண் என்றுதான் சொன்னோம். ஆஸ்பத்திரியில் மகன் மொழிபெயர்த்தான். கடைசிவரை அது வயிற்றுப்புண்தான். கவலையில்லாமல் போய்ச்சேர்ந்தார் என்று ரண்டர்ஸ் நகரத்திலிருந்து வந்த சனமெல்லாம் சொன்னது. நானும் அதை நம்பினேன்.

லியாங் ஐயாவுக்கு எழுபத்தொன்பது வயது. சீனாவில் பெரிய ரயில் என்ஜினியராக இருந்தவர். ரயில் போகவே போகாது என்று எல்லோரும் கைகழுவிய ஒரு மலைநாட்டுக்கு முதன்முதல் பாதை போட்டவர். அதற்கு முன் அங்கே போகக் கோவேறு கழுதையில் ஒன்பது நாள் எடுக்குமாம். அவருடைய பாதை வந்தபிறகு ஐந்து மணித்தியாலம். மனைவி செத்ததும் மகள் கூட்டிவந்து இங்கே மூன்றாம் மாடியில் இருத்தியிருந்தாள். கீழே போகும் நகர ரயிலைப் பார்த்து "விளையாட்டுச் சாமான்" என்பார். பொல்லாத முன்கோபி. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் பூட்டுப்பட்டாலும் எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து பூட்டச் சொல்வார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஆங்கிலம்தான். அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

"பாதைக்கு மலை குடையேக்கை, ஏழாம் சுரங்கத்திலை எட்டு நாளாத் தண்ணி கசிஞ்சிருக்கு. கீழை நிண்டவங்கள் எனக்குச் சொல்லேல்லை. நான் ஏற்கெனவே காய்ச்சலோடை கிடந்து வேலை செய்யிறன், என்னை ஏன் கரைச்சல்படுத்துவான் எண்டு விட்டிட்டாங்கள். ஒன்பதாம் நாள் இடிஞ்சு விழுந்திட்டுது. உள்ளை பதினொரு பேர்."

உடல்களை எடுக்க முடியவில்லை. அந்தப் பக்கத்தைக் கொங்கிரீட்டால் அடைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் இவர். பாதையை வேறு வழியாகத் திருப்பினார்கள். செத்தவர்களின் மனைவிமாரிடம், மலை திடீரென்று விழுந்தது, ஒருவருக்கும் முன்கூட்டித் தெரியாது என்று சொன்னவரும் இவர்தான். உண்மை தெரிந்தால் அந்தப் பெண்கள் தாங்கமாட்டார்கள் என்று நினைத்தாராம். சீனர்கள் கல்லறைகளைத் துப்புரவாக்குகிற ஏப்ரல் நாளில், ஒவ்வொரு வருடமும் சுரங்க வாசலுக்குப் போய்ப் பதினொரு சிகரெட்டைக் கொளுத்தி வைப்பார். அந்தப் பெண்களும் வருவார்கள். நாற்பது வருடமாக அவர்கள் முகத்தைப் பார்த்தும் இவர் வாய் திறக்கவில்லை. இப்போது மிஞ்சியிருப்பது ஒரேயொரு கிழவி. தொண்ணூற்றொரு வயது.

"வாற ஏப்ரல் போய் அவவிட்டைச் சொல்லவேணும். காலிலை விழவேணும். டெலிபோனிலை சொல்லுற விசயமில்லை இது."

பிறகு திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார். "நீ ஒவ்வொரு நாளும் என்ரை உடம்பைப் பாக்கிறாய். ஏப்ரலிலை என்னாலை போகேலுமோ? ஏலாதெண்டால் சொல்லு, இப்பவே போறன்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதரால் கேட்க முடியாது. அந்த நாட்களில் அவர் துணையில்லாமல் பஸ் தரிப்பிடம் வரை நடந்துபோய் வருவார். நான் துவாயை உதறிக்கொண்டே சொன்னேன்.

"ஓம் ஐயா. வடிவாப் போகலாம்."

நவம்பரில் கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு இளம் வைத்தியர், டெலிபோனில் ஒரு மொழிபெயர்ப்பாளர், பத்து நிமிடம். எல்லாம் சொல்லப்பட்டுவிட்டது. விமானம் ஏறவே முடியாது என்பதையும் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த நாள் காலை, கத்தப்போகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். அவர் கத்தவில்லை.

"உனக்கு எப்ப தெரியும்?"

"செப்டெம்பர் பத்து."

விரலை மடித்து எண்ணினார். "அறுபத்தொரு நாள். அவங்கள் எட்டு நாள்தான் மறைச்சவங்கள்."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் போதும் என்றிருந்தது. அவர் மனம் நோகக்கூடாதென்று நான் சொன்ன பொய் அல்ல அது. அவர் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான். மகேந்திரராசா கடைசி மாதத்தில், பேச்சுவார்த்தை இல்லாதிருந்த தமையனைப் பார்க்க யாழ்ப்பாணம் போகவேண்டும் என்றார். சுகம் வந்தபிறகு போகலாமப்பா என்று நான்தான் நிறுத்தினேன். அதை இந்த ஆறு வருடத்தில் ஒருநாள்கூட நான் நினைத்துப் பார்த்ததில்லை. அன்று பாத்திரங்களைக் கழுவியபடி நின்று அழுதேன்.

லியாங் ஐயா இரண்டு நாள் இருந்து ஒரு கடிதம் எழுதினார். நாலு பக்கம். எழுத்துகள் சரிந்து கிடந்தன. கிழவிக்கு வாசிக்கத் தெரியாது. மெய்லிங் அதைப் படமெடுத்துக் கிழவியின் பேரனுக்கு அனுப்பினாள், வாசித்துக் காட்டச் சொல்லி. அதன்பிறகு அவர் சாப்பிட்டது தேநீர் மட்டும். ஒவ்வொரு காலையும் முதல் கேள்வி, பதில் வந்ததா என்பதுதான். அந்தப் பதிலுக்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று பார்க்கிற எவருக்கும் தெரியும்.

ஒன்பதாம் நாள் நான் நிற்கும்போது பதில் வந்தது. மெய்லிங் சமையலறையில் நின்று போனைப் பார்த்தாள். அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

"பேரன் எழுதியிருக்கிறான். பாட்டிக்கு வாசிச்சுக் காட்டேல்லையாம். இந்த வயசிலை மனுசி தாங்காதாம். குறை நினைக்கவேண்டாமாம்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். கட்டிலில் இருந்து, தகப்பனின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சீனத்தில் நெடுநேரம் பேசினாள். எனக்குச் சீனம் தெரியாது. அவர் முகம் இளகியதைப் பார்த்தே அவள் என்ன சொல்கிறாள் என்று விளங்கியது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"கிழவி முழுக்கக் கேட்டவவாம். அழுதவவாம். என்னை மன்னிச்சிட்டாவாம்." பிறகு, "உண்மையோ?" என்றார்.

மெய்லிங் அவர் தலைக்கு மேலால் என்னைப் பார்த்தாள். ஓமென்று சொல்லு என்று அவள் கண் மன்றாடியது. அவளில் பிழையில்லை.

"இல்லை ஐயா," என்றேன். "அவவுக்கு ஒருத்தரும் வாசிச்சுக் காட்டேல்லை."

அவர் திட்டவில்லை. நன்றி சொல்லவுமில்லை. மகளின் மடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அதன்பிறகு யாரிடமும் எதையும் கேட்கவில்லை. நாலாம் நாள் காலை செத்துப்போனார். மெய்லிங் கொம்யூனில் என்மேல் முறைப்பாடு செய்தாள். செத்தவீட்டுக்கு வரவேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினாள். நான் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால், சில நாள் சரி என்று இருக்கும், சில நாள் என்னையே எனக்குப் பிடிக்காது.

ஏப்ரலில் மெய்லிங்கிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. பேரன் எழுதியிருந்தானாம். கிழவி இந்த வருடமும் சுரங்க வாசலுக்குப் போனாளாம். என்ஜினியர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டாளாம். டென்மார்க்கில் மகளோடு நல்ல சுகமாக இருக்கிறார் என்று பேரன் சொன்னானாம். கிழவிக்குப் பெரிய சந்தோசமாம்.