கருத்துக்கு ஒரு கூடை ஜல்லி

எங்கள் வீட்டில் மூன்று ஆண்கள், நாட்டை நடத்த மூன்று வழிகள். சாப்பிடும்போது உப்பு கேட்டால்கூட, அதை எடுத்துக் கொடுப்பது யார் பொறுப்பு என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

மாமனார் வரி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் அரசாங்கமே செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. மாடி அறையில் இருக்கும் என் தம்பி செல்போன் கடை வைத்திருக்கிறான். அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாலே நாடு உருப்பட்டுவிடும் என்பான். என் கணவருக்கு இந்த இரண்டிலும் நம்பிக்கை இல்லை. அவருக்கு எதற்கும் ஒரு ஆப் வேண்டும். எங்கள் வீட்டு விளக்கே ஆப் சொன்னால்தான் எரியும். இணையம் போன அன்றைக்கு இருட்டில் தடவித் தடவிச் சாப்பிட்டோம்.

நான் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். என் கருத்தை யாரும் கேட்டதில்லை.

தெருமுனையில் ஒரு குழி இருந்தது. போன மாதம் எங்கள் வேன் அதில் இறங்கி ஏறியதில், உள்ளே இருந்த என் கேக் ஒரு பக்கமாகச் சரிந்து கூழாகிவிட்டது. அடுத்த தெருவில் இருக்கும் விழாக்கூடத்து மேனேஜரம்மா அதைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "அடுத்த சனிக்கிழமை இன்னொரு விசேஷம் இருக்கு. கேக் முழுசா வந்துச்சுன்னா, இனிமே இந்தக் கூடத்துக்கு எல்லாமே உங்க கேக்குதான். இல்லேன்னா இந்தப் பக்கமே வராதீங்க." அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

வீட்டில் குழிக்கும் கட்சி உண்டாகிவிட்டது.

"வரி கட்டியாச்சு. குழியை அவங்கதான் மூடணும். நாம தொட்டா அவங்களுக்குச் சோம்பேறித்தனம் வந்துடும்" என்றார் மாமனார்.

"ரோட்டை ஒரு கம்பெனிகிட்ட குடுங்க மாமா. நாளைக்கே கண்ணாடி மாதிரி போட்டுடுவான்" என்றான் தம்பி.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. ஆப்ல புகார் போட்டுட்டேன்" என்றார் என் கணவர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், குழிக்குப் பக்கத்திலேயே ஒரு ஜல்லிக் குவியல் கிடந்தது. வீடு கட்டி முடித்தவர், யாராவது மிச்சத்தை அள்ளிக்கொண்டு போங்களேன் என்று எல்லோரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் சொல்ல வாயெடுத்தேன். "நீ இரும்மா, இது பொருளாதாரம்" என்றார் மாமனார். என் காது மடல் சூடாகிவிட்டது.

சனிக்கிழமை வந்தது. மூன்று அடுக்கு கேக், மேலே சர்க்கரைப் பூக்கள். நான் செய்ததிலேயே அழகானது அதுதான், சத்தியமாக. அதற்குள் கணவர் கைபேசியைத் தூக்கிக்கொண்டு குதித்து வந்தார்.

"பாத்தியா! புகார் தீர்ந்துடுச்சுன்னு வந்துடுச்சு! ரோடு எப்படி பளபளன்னு இருக்கு பாரு!"

படத்தில் தெரு நிஜமாகவே மட்டமாக மின்னியது. எனக்கு என்னவோ சந்தேகம். "முதல்ல காலி வேனை ஓட்டிக் காட்டுங்க. அப்புறம்தான் கேக்கை ஏத்துவேன்" என்றேன். அவர் வீறாப்பாக ஓட்டிக்கொண்டு போனார். தெருமுனையில் சளக்கென்று ஒரு சத்தம். வேன் ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. ராத்திரி பெய்த மழையில் குழி விளிம்புவரை நிறைந்திருக்கிறது. யாரோ புண்ணியவான் அந்தத் தண்ணீரைப் படம் பிடித்துப் புகாரை மூடியிருக்கிறான்!

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் வந்தது பாருங்கள் கோபம்.

"மூணு பேரும் வாங்க இங்க! நடந்தே தூக்கிட்டுப் போறோம். வழியில எவராவது அரசியல் பேசினீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

கேக்கை அகலமான பலகையில் வைத்து மூலைக்கு ஒருவராகத் தூக்கினோம். மாமனாரும் தம்பியும் முன்னால், நாங்கள் இருவரும் பின்னால். கணவர் கைபேசியையும் பலகையில் வைத்தார்; அதில் மட்டம் பார்க்கிற ஆப் இருக்கிறதாம், சாய்ந்தால் கத்துமாம். அது நடக்க ஆரம்பித்ததிலிருந்தே கத்தியது. மாமனார் கோவில் பிரகாரம் சுற்றுவதுபோல நடந்தார். தம்பி பஸ் பிடிக்கிறவன் மாதிரி ஓடினான். பேசக் கூடாது என்று சொல்லிவிட்டதால் மூவரும் வாயை இறுக்கிக்கொண்டு ஆளுக்கொரு வேகத்தில் போனார்கள். ஒரு சர்க்கரைப் பூ பொத்தென்று விழுந்தது.

மாமனாரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "இருந்தாலும் ஒண்ணு சொல்றேன், தனியார்கிட்ட குடுத்தா..."

"என்ன ஆயிடும் மாமா? சொல்லுங்க, என்ன ஆயிடும்?" என்று தம்பி வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினான். பதில் சொல்கிற அவசரத்தில் அவர் எட்டி நடை போட்டார். இரண்டு பேரும் ஒரே நடையில் வந்துவிட்டார்கள். நடுவில் புகுந்து பேசக் கணவரும் அதே நடைக்கு வந்தார்.

கைபேசி கத்தவில்லை! அடடா என்றிருந்தது எனக்கு.

இத்தனை வருஷம் நான் அணைக்கப் பார்த்த நெருப்பில் அன்றைக்கு நானே எண்ணெய் ஊற்றினேன். "ஏன் மாமா, வரியைக் கூட்டணுமா, குறைக்கணுமா?" என்று எடுத்துக் கொடுத்தேன். போதாதா? வேனைத் தாண்டினோம், ஜல்லிக் குவியலைத் தாண்டினோம், பலகை அசையவே இல்லை.

கூடத்து வாசல் கண்ணில் படுகிற நேரத்தில் வந்தது வினை. "என்ன இருந்தாலும் அத்தானோட ஆப் சுத்த வேஸ்டு" என்றான் தம்பி. "அது சரிதான்" என்றார் மாமனார். "எனக்கே அப்படித்தான் தோணுது" என்றார் கணவர். மூவரும் ஒத்துப்போய்விட்டார்கள்! பேச்சு நின்றது. நடை கலைந்தது. கைபேசி அலறியது. மேல் அடுக்கு லேசாக நகர்வதைப் பார்த்தேன்.

"என் கருத்தைக் கேளுங்க!" என்று கத்தினேன். "கருத்துக்கு வரி போடணும்! யார் கருத்து சொன்னாலும், ஒண்ணுக்கு ஒரு கூடை ஜல்லி அந்தக் குழியில கொட்டணும்!"

அவ்வளவுதான். மூவரும் ஒரே குரலில் என்மேல் பாய்ந்தார்கள்.

"அநியாயம்! பேச்சுக்கு யாராவது வரி போடுவாங்களாம்மா?"

"அக்கா, வரி போட்டா உற்பத்தி படுத்துடும்!"

"கூடையை யாரு எண்ணுவா? அதுக்கு ஒரு ஆப்..."

அந்த ஆவேசத்திலேயே படியேறி, கதவைத் தாண்டி, மேஜைமேல் கேக்கை இறக்கினோம். ஒரு பூவைத் தவிர எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. மேனேஜரம்மா கேக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். "இனிமே எல்லாத்துக்கும் உங்க கேக்குதான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவங்க மூணு பேரும் வாசலோட நிக்கட்டும்" என்றார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை தெருமுனையில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். வேனைத் தள்ளி எடுத்து ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடையில் ஜல்லி அள்ளிக்கொண்டிருந்தார்.

"வரி கட்டுங்கன்னு ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். கட்டாம இருந்தா நல்லா இருக்குமா?" என்றார்.

தம்பியும் ஒரு கூடையோடு வந்தான். "எனக்கு இது வரி இல்ல, நன்கொடை. தெளிவா சொல்லிட்டேன்" என்று கொட்டினான். அதுவும் கருத்துதான் என்று மாமனார் அவனை இன்னொரு கூடைக்கு அனுப்பினார். கணவர் எதையும் எண்ணவில்லை. கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு முதுகு வலிக்க அள்ளினார். அவர்கள் பாக்கியில் பாதிகூடத் தீரவில்லை, அதற்குள் குழி கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது.

நானும் ஒரு கூடையை எடுத்தேன்.

"உனக்கு எதுக்கும்மா?" என்றார் மாமனார்.

"நேத்து நானும் ஒண்ணு சொன்னேனே மாமா."

அவர் மற்ற இருவரையும் கையால் தள்ளி, "டேய், விலகுங்கடா. குழியை மூடின கருத்து அவளோடது" என்று எனக்கு இடம் விட்டார்.

கடைசிக் கூடையை நான்தான் கொட்டினேன்.